டீச்சர் போன பிறகு

1964-இல், அமெரிக்காவின் வட கரோலினாவில், கே யோ என்ற இருபத்திரண்டு வயதுப் பெண் ஆலன் ஜே உயர்நிலைப் பள்ளிக்கு ஆங்கில ஆசிரியை வேலை கேட்டுப் போனார். வேலை தருகிறோம், பெண்கள் கூடைப்பந்து அணியையும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். பள்ளியில் படித்த நாளில் ஒரே ஆட்டத்தில் 52 புள்ளி எடுத்தவர் அவர். படித்த கல்லூரியில் பெண்களுக்கு அணி இல்லாததால் ஆட்டம் அத்தோடு நின்றுபோயிருந்தது. ஒப்புக்கொண்டார். பகலில் இலக்கணம், மாலையில் பந்து.

1971-இல் ஈலான் கல்லூரி அவரை அழைத்துக்கொண்டது. 1975-இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம். 2009 ஜனவரியில் புற்றுநோயால் இறக்கும் வரை அங்கேயே பயிற்சியாளராக இருந்தார். எழுநூறுக்கும் மேற்பட்ட வெற்றிகள். 1988 சியோல் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்கப் பெண்கள் அணிக்கு அவர்தான் தலைமைப் பயிற்சியாளர். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவருக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பது தெரியவந்திருந்தது.

அவர் கல்லூரிக்குப் போன அந்த 1971 முக்கியமான ஆண்டு. அதுவரை அமெரிக்காவில் பல இடங்களில் பெண்கள் கூடைப்பந்து என்றால் அணிக்கு ஆறு பேர். மூன்று பேர் ஒரு பாதியில் கூடை போடுவார்கள், மூன்று பேர் மறு பாதியில் தடுப்பார்கள். நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. முழு மைதானமும் ஓடினால் பெண் உடம்பு தாங்காது என்று பெரியவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். அயோவா மாநிலப் பள்ளிகளில் இந்த ஆட்டம் 1993 வரை நீடித்தது. கல்லூரிகளில் ஐந்து பேர், முழு மைதானம் என்று விதி மாறியது 1971-இல்தான். அரை மைதானத்திலேயே வளர்ந்த பெண்கள் கல்லூரிக்கு வந்தபோது, அவர்களுக்கு ஆட்டத்தை முதலிலிருந்து கற்றுத்தர ஆள் வேண்டியிருந்தது. பள்ளி மைதானத்தில் நின்று பழகியவர்களுக்கே அது கைவந்த வேலை.

நம் கேரளத்துக்கு வருவோம். கோட்டயம் மாவட்டத்துப் பெண் கீது அன்னா ஜோஸ் சங்கனாச்சேரி அசம்ப்ஷன் கல்லூரியில் ஆடினார். பிறகு தெற்கு ரயில்வே, ஆஸ்திரேலிய கிளப் என்று போய், 2011-இல் அமெரிக்கத் தொழில்முறை அணிகளின் தேர்வுக்கே அழைக்கப்பட்டார். 2014-இல் அர்ஜுனா விருது. கல்லூரி என்பது இந்தப் பெண்களுக்கு வேலைக்கான வாசல். ரயில்வேயும் மின்வாரியமும் அங்கே ஆடுகிறவர்களைத்தான் பார்க்கின்றன. பத்திரிகைப் படத்தில் கோப்பைக்குப் பக்கத்தில் நிற்பவர் கல்லூரி கோச். எட்டாம் வகுப்பில் இடது கையால் லே-அப் போடச் சொல்லிக் கொடுத்தவர் அந்தப் படத்தில் இருப்பதில்லை. அதனால் பள்ளி கோச் ஒருவர் கல்லூரிக்குப் போகிறார் என்று கேட்டால் எனக்கு மனம் நிறைகிறது.

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருப் பெண்கள் சிலருக்குப் பள்ளியில் பயிற்சி கொடுத்துவந்த டீச்சர் இப்போது அப்படித்தான் போகிறார். கோயில் குளத்துப் பக்கம் பார்த்து வாழ்த்துச் சொன்னேன். அன்று சாயங்காலமே எதிர் வீட்டுப் பெண், ஒன்பதாம் வகுப்பு படிக்கிறவள், வாசலில் வந்து நின்றாள். "மாமா, டீச்சர் போயிட்டா எங்களுக்கு யார் வருவா?"

என்னிடம் பதில் இல்லை.

அந்த டீச்சர் செய்தது பந்து கற்றுக்கொடுத்தது மட்டுமா? கோழிக்கோட்டில் போட்டி என்றால் ராத்திரி ரயிலுக்குப் பெண்ணை அனுப்ப மாட்டேன் என்ற அப்பாக்களை வீடு தேடிப் போய்ச் சம்மதிக்க வைத்தவர். எஸ்.எஸ்.எல்.சி. வருஷம் வந்ததும் விளையாட்டை நிறுத்தப் பார்த்த அம்மாக்களிடம் விளையாட்டுக்குக் கிடைக்கும் கிரேஸ் மார்க் கணக்கைப் பொறுமையாக எடுத்துச் சொன்னவர். இவற்றையெல்லாம் விடப் பெரிதாக நான் நினைப்பது ஒன்று உண்டு: குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாயாமல், மடக்கி, மெத்தென்று இறங்கச் சொல்லிக்கொடுத்தார். பருவம் வந்த பெண்களுக்கு முழங்காலின் ஏ.சி.எல். தசைநார் கிழியும் ஆபத்து அதே ஆட்டம் ஆடும் பையன்களைவிடப் பல மடங்கு அதிகம். இறங்கும் முறையைச் சின்ன வயதிலேயே பழக்கினால் அந்த ஆபத்து குறைகிறது. பதின்மூன்று வயதில் பழகாததைக் கல்லூரியில் பழக்க முடியும்தான். ஆனால் அதற்குள் சிலருடைய முழங்கால் போயிருக்கும்.

போகிறவரை யாரும் குறை சொல்லக் கூடாது. நல்ல சம்பளம், நல்ல மைதானம், உழைப்புக்கு மரியாதை. எல்லாம் அவருக்குக் கிடைக்க வேண்டியவை. அவர் விட்டுப்போகும் இடம் காலியாகவே கிடப்பதுதான் தப்பு. கேரளத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கென்று உடற்கல்வி ஆசிரியர் பணியிடமே இல்லை என்ற குறை எத்தனையோ வருஷமாகப் பேசப்படுகிறது. உயர்நிலைப் பள்ளியின் பி.டி. டீச்சர்தான் மனசு வைத்து மேல்வகுப்புப் பெண்களையும் பார்த்துக்கொள்கிறார். அவர் போனால், பதின்மூன்று முதல் பதினேழு வயது வரையான பிள்ளைகள் ஒரே நாளில் ஆளில்லாமல் நிற்கிறார்கள். படித்தவர்களுக்கும் இங்கே பஞ்சமில்லை. காரியவட்டத்தில் 1985 முதல் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி நடக்கிறது. பயிற்சி முடித்து வருஷா வருஷம் வெளியே வருகிறார்கள். வேலை இடம்தான் இல்லை.

பள்ளி கோச்சை அழைத்துக்கொள்ளும் கல்லூரிக்கும் இதில் கடமை உண்டு என்பேன். மூன்று நான்கு வருஷம் கழித்து அந்தக் கல்லூரிக்கு ஆட வரப்போவது இதே பெண்கள்தானே. அடியில் ஊற்று அடைபட்டால் மேலே தண்ணீர் எங்கிருந்து வரும்?

அடுத்த பி.டி.ஏ. கூட்டத்தில் பெற்றோர் சேர்ந்து, காலி இடத்தை நிரப்பக் கேட்டு ஒரு மனு கொடுக்கிறோம். புதிய ஆள் வரும் வரை வாரத்தில் இரண்டு சாயங்காலம் டீச்சரைப் பள்ளிக்கு அனுப்பித் தர வேண்டும் என்று கல்லூரி முதல்வரிடமும் கேட்கப்போகிறோம். டீச்சர் சரி என்று சொல்லிவிட்டார். பஸ் கூலிகூட வேண்டாம் என்றார். அதை நாங்கள் ஏற்கவில்லை. இனி கல்லூரிதான் பதில் சொல்ல வேண்டும்.