மூளையில் சுண்ணாம்பா?

வலிப்பு வந்த பிள்ளைக்கு ஸ்கான் எடுத்து, "மூளையில் கல்சியம் படிந்திருக்கிறது" என்று சொல்லி அனுப்புகிறார்கள். வீடு வந்து சேருமுன் அது சுண்ணாம்பாகிவிடுகிறது. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு வெற்றிலை போட்டவள் என்று தாய்மேல் பழி விழுகிறது. பிள்ளைக்குப் பாலும் நெத்தலியும் நிறுத்தப்படுகின்றன. இது இருவருக்கும் செய்யப்படும் அநியாயம் என்போம். (வெற்றிலை பாக்கு கர்ப்பிணிக்கு நல்லதல்ல, அது வேறு கதை.)

இப்படிவு பெரும்பாலும் ஒரு தழும்பு. முன்னர் கிருமியோ வேறு நோயோ மூளையைத் தாக்கிய இடத்தில் கல்சியம் தங்கிவிடுகிறது. சில பிள்ளைகளுக்கு அத்தாக்கம் தாயின் வயிற்றிலேயே நேர்ந்திருக்கும். அவ்வாறு தாக்கும் கிருமிகளில் ஒன்றான டொக்சோபிளாஸ்மா, பூனை மலம் கலந்த மண்ணிலும் சரியாக வேகாத இறைச்சியிலும் இருக்கக்கூடும். ஆதலால் தோட்டத்தில் நிற்கும் கர்ப்பிணிகள் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவது அவசியம். வேறு சிலருக்கு மூளையைப் பற்றிய காசநோய், அல்லது பிறவிக் குறைபாடு. கழுத்திலுள்ள பராதைரொயிட் சுரப்பிகள் சரிவர இயங்காத பிள்ளைக்கோ இரத்தத்தில் கல்சியம் குறைந்து வலிப்பு வருகிறது; மூளையிலும் அது படிகிறது. அப்பிள்ளைக்குக் கல்சியமே மருந்து! சாப்பாட்டில் எதையும் நிறுத்துவதானால் வைத்தியர் சொல்லட்டும்.

தழும்பைப் பத்தியத்தால் கரைக்க முடியாது. வலிப்பை அடக்க முடியும். ஒழுங்காக மருந்து கிடைத்தால் வலிப்புள்ளவர்களில் 100க்கு 70 பேர்வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குளிசையைத் திடீரென விட்டால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இடம்பெயரும் குடும்பங்களில் குளிசை அறுந்துபோவது இவ்விடத்தில்தான். காணி உறுதியை மடியில் கட்டிக்கொண்டு வெளிக்கிட்ட எமது சனம், பிள்ளையின் கிளினிக் கொப்பியையும் அதனுடனேயே வைக்கவேண்டும். புதிய இடத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் அதைக் காட்டினால் மருந்தை இலவசமாகத் தொடரலாம்.

வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவையுங்கள். வாயில் கரண்டி வேண்டாம், கையில் இரும்பும் வேண்டாம். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடுங்கள். கட்டில்லாத கிணற்றடிக்கு இப்பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.

வைத்தியர்களிடமும் ஒன்று கேட்கிறோம். கிளினிக்கில் சனம் நெருக்குவது எமக்குத் தெரியும். ஆனாலும் "இது தழும்பு, அம்மாவின் பிழையல்ல" என்று தமிழில் சொல்ல அரை நிமிடம் போதுமே.