திராட்சைச் சக்கைக்கும் விலை உண்டு

தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையில் கழிவு என்றாலே நினைவுக்கு வருவது சயனைடு மண்மேடுதான். 2001-ல் சுரங்கம் மூடப்பட்ட பின்னர், அந்த மேடுகளில் மிஞ்சிய தங்கத்தை எடுப்பது குறித்து தில்லியும் பெங்களூரும் ஓயாமல் பேசி வந்தன. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதலும் அளித்தது. அதே மண்ணின் இன்னொரு கழிவுக்கு இந்த அக்கறையில் நூற்றில் ஒரு பங்கு கூடக் கிடைக்கவில்லை.

2007 வரை கோலாரின் அங்கமாக இருந்த சிக்கபள்ளாப்பூர், 'பெங்களூர் நீலம்' திராட்சைக்குப் பெயர் பெற்றது. ஒயின் தொழிலை வளர்க்க மாநில அரசு தனிக் கொள்கை வகுத்ததும் 2007-ல்தான். ஆனால், பிழிந்த பின் மிஞ்சும் தோலும் விதையும் பழத்தின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. உடலுக்கு நலம் தரும் பாலிபீனால்களில் பெரும்பகுதி ஒயினுக்குள் இறங்காமல் இந்தச் சக்கையிலேயே தங்கிவிடுகிறது. திராட்சை விதைச் சாரத்தின் ஆக்சிஜனேற்றத் தடுப்பு ஆற்றலை மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் 2001-லேயே ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். இத்தாலியர்களோ 19-ம் நூற்றாண்டிலேயே திராட்சைத் தோலிலிருந்து உணவு நிறமி எடுக்கத் தொடங்கிவிட்டனர்.

ஈரச் சக்கை ஓரிரு நாள்களில் பூஞ்சை பிடித்துவிடும். சிறிய ஆலைகளால் உலர்த்தும் எந்திரம் வாங்க இயலாது. சாரத்தைப் பிரிக்க எத்தனால் வேண்டும். அது மாநிலக் கலால் துறையின் பிடியில் உள்ளது. சாரத்தை ஊட்டச்சத்து மாத்திரையாக்கினால் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வாசலில் நிற்க வேண்டும். மது மாநிலப் பட்டியலில் இருப்பதாலேயே அதன் சக்கை யாருடைய பொறுப்பிலும் இல்லை என்றாகிவிட்டது.

தோட்டங்களுக்கு அருகே பொது உலர்த்து நிலையங்களும், தங்கவயலின் தரிசு நிலத்தில் சாரம் பிரிக்கும் ஆலையும் அமைக்கலாம். உலர்ந்த விதை பயணத்தில் கெடாது. பாறையைப் பொடித்துத் தங்கத்தைக் கரைத்தெடுத்த ஊருக்கு இது அந்நியமான வேலையும் அல்ல. பிழைப்புக்காக விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு ஓடும் தங்கவயல் இளைஞர்களில் சிலருக்காவது உள்ளூரில் வேலை கிடைக்கும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. ஆய்வகத்தில் தெரிந்த குணத்தை நோய் தீர்க்கும் மருந்தென விற்க அனுமதிக்கக் கூடாது. தோலில் ஒட்டிய பூச்சிக்கொல்லி எச்சமும் சாரத்தோடு வரக்கூடும் என்பதால், ஒவ்வொரு தொகுதிக்கும் பரிசோதனையைக் கட்டாயமாக்க வேண்டும்.

மத்திய உணவுப் பதப்படுத்தும் தொழில் அமைச்சகம் கர்நாடக அரசை அழைத்துப் பேசி, ஒரு முன்னோட்ட ஆலைக்காவது நிதி ஒதுக்க வேண்டும். கோலார் உறுப்பினர் இதை மக்களவையில் எழுப்பட்டும்.