முற்றமே முதற் பள்ளி

குழந்தைக்கு உலகம் முதன்முதலிலே கையினாலும் வாயினாலும் மூக்கினாலுமே அறிமுகமாகின்றது. சொல் பின்னரே வருகின்றது. எழுத்து அதற்கும் பின்னர். இவ்வொழுங்கை நாம் இன்று தலைகீழாக்கிவிட்டோம். மூன்று வயது நிரம்பாத பிள்ளையின் கையிலே பென்சிலைத் திணிக்கின்றோம்; ஒன்றரை வயதுப் பிள்ளை அழுதால் கைத்தொலைபேசியைக் கொடுத்து ஆற்றுகின்றோம். இவ்விரண்டுக்கும் நடுவிலே பறிபோவது விளையாட்டு. அதனோடு சேர்ந்து மொழியும் பறிபோகின்றது என்பதே எமது கருத்து.

வழுவழுப்பு, சொரசொரப்பு, பிசுபிசுப்பு என்னும் சொற்களை எண்ணிப் பாருங்கள். இவற்றை அகராதி கொண்டு கற்பித்தல் கூடுமா? நுங்கின் கண்ணிலே விரலிட்ட பிள்ளைக்கு வழுவழுப்பு விளங்கும். வேப்பம்பட்டையைத் தடவிய பிள்ளைக்குச் சொரசொரப்பு விளங்கும். பனங்களியிலே கை தோய்த்த பிள்ளைக்குப் பிசுபிசுப்பு விளங்கும். கண்ணாடித் திரையிலோ நுங்கும் பட்டையும் பனம்பழமும் விரலுக்கு ஒன்றே. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் திரை வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மேற்படலாகாது என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் 2019ஆம் ஆண்டிலே அறிவுறுத்தியதை இங்கு நினைவுகூரல் தகும்.

1907ஆம் ஆண்டு உரோம் நகரிலே குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மொண்டிசோரி அம்மையார், புலன்களின் பயிற்சியையே கல்வியின் அடித்தளமாகக் கொண்டார். எழுதுமுன் எழுத்தின் வடிவை விரலால் தடவி உணரச் செய்தார். 1944இல் அவர் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். நம் நாட்டு முன்பள்ளிகள் பல இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன; ஆயின், அவற்றுட் சிலவற்றில் நடைபெறுவது கொப்பி நிரப்பும் வேலையேயாம். ஏடு தொடக்கும் நாளிலே பிள்ளையின் விரலைப் பிடித்துப் பச்சையரிசியிலே எழுதுவிக்கும் நம் வழக்கமும் இதே உண்மையைத்தான் உணர்த்துகின்றது. அரிசியின் தீண்டலோடு தொடங்கிய கல்வியை மறுநாளே கொப்பிக்குள் அடைப்பது என்ன நியாயம்?

விளையாட்டுப் பொருளுக்குக் கடையை நாட வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து முற்றத்திலே பருவமே பாடத்திட்டம் வகுக்கின்றது. ஐப்பசி, கார்த்திகையில் மாரி பொழியும்போது நனைந்த மண்ணின் மணமும், கூரைநீரின் ஓசையும், கடதாசிக் கப்பலும் உண்டு. தையிலே புது நெல்லும் வைக்கோலும் பனங்கிழங்கும் வரும். வானிலே பட்டத்தின் விண் கூவும். சித்திரையிலே வேப்பம்பூ முற்றத்தை நிறைக்கும், நுங்கு வரும். சோளகம் வீசும் ஆடியிலே ஓலைக் காற்றாடி சுழலும், ஆடிக்கூழ் மணக்கும். அதனையடுத்துப் பனம்பழம் விழும். தாயோ பேத்தியாரோ அருகிலிருந்து ஒவ்வொன்றின் பெயரையும் தன்மையையும் சொல்லிக் கொடுத்தால் போதும்.

"மண்ணிலே விட்டால் நோய் வருமே" என்பர் சிலர். விளையாட்டு முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கைகழுவப் பழக்குவதும் கல்வியே. "கொழும்பு மாடிவீட்டிலே முற்றத்துக்கு எங்கே போவது?" என்பர் வேறு சிலர். ஒரு சுளகு போதும். அதிலே குரக்கன் மாவைப் பரப்பினால் விரல் கோலம் போடும்; உமியையும் தவிட்டையும் தனித்தனியே வைத்தால் கை வேறுபாடு அறியும்.

ஆயினும் எச்சரிக்கை வேண்டும். எதனையும் வாயிலிடும் வயது அது. புளியங்கொட்டை, மஞ்சாடி, கடலை முதலியன தொண்டையிலே சிக்கி மூச்சை அடைக்கும். குன்றிமணியோ கொடிய நஞ்சுடையது. இவற்றைச் சிறு பிள்ளைகளுக்கு எட்டாதவாறு வைத்தல் வேண்டும். கையளவு ஆழமுள்ள நீர்ச்சட்டியும் உயிருக்கு ஆபத்தாகலாம். ஆதலின் பிள்ளையைத் தண்ணீரருகே ஒரு கணமும் தனியே விடலாகாது. பெரியவர் உடனிருத்தல் காவலுக்கு மட்டுமன்று, பேச்சுக்கும் இன்றியமையாதது. கையிலே பொருளும் காதிலே சொல்லும் ஒருங்கே சேரும்போதுதான் மொழி வேரூன்றுகின்றது.

மாணவர்க்குக் கட்டுரையிலே சொல்வளம் இல்லை என்று ஆசிரியர்கள் வருந்துகின்றனர். தொட்டறியாத பொருளைப் பிள்ளை எவ்வாறு எழுதும்? முன்பள்ளிகளிலே பருவந்தோறும் இத்தகைய விளையாட்டுக்கு நாளும் ஒரு மணி நேரம் ஒதுக்குமாறு பெற்றோர் கேட்க வேண்டும். "என் பிள்ளை எத்தனை எழுத்து எழுதும்?" என்று கேட்பதை விடுத்து, "இன்று எதைத் தொட்டது, என்ன சொன்னது?" என்று கேட்கப் பழகுவோமாக.