எல்லோருக்கும் ஒரே பூட்டா?

கடன் கொடுத்தால் முதல் போகிறது. கொடுக்காவிட்டால் வியாபாரம் போகிறது. நமது வியாபாரிகள் கூடுமிடமெல்லாம் இந்தப் பேச்சுத்தான். 2022 பொருளாதார நெருக்கடியின்போது நானும் சில்லறைக் கடைக்காரர் அனைவருக்கும் கடனை நிறுத்தினேன். அது பிழை என்பதைப் பிறகு மகன்தான் கணினியில் காட்டித் தந்தார்.

டேப்லோ என்றொரு மென்பொருள் இருக்கிறது. அதில் வாடிக்கையாளர்களைத் தொகுதிகளாக வைக்கலாம். கூடுதலாகக் கொள்வனவு செய்யும் 20 பேர் ஒரு தொகுதி. 60 நாட்களுக்கு மேல் பாக்கி வைத்திருப்போர் மற்றொரு தொகுதி. இரண்டையும் இணைத்தால் இரண்டிலும் உள்ள பொதுவானவர்கள், முதலாவதில் மட்டும் உள்ளவர்கள், இரண்டாவதில் மட்டும் உள்ளவர்கள் என்று பிரித்துப் பார்க்கலாம். எனது 20 பேரில் பாக்கி வைத்திருந்தது 5 பேர் மட்டுமே. ஒழுங்காகக் கட்டிய 15 பேரையும் சேர்த்தே நான் தண்டித்திருக்கிறேன். அவர்களில் சிலர் அதற்குள் வேறு இடத்தில் சாமான் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இதில் இறங்குவோர் மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, பெயர்களைக் கையால் தெரிவுசெய்து வைத்த தொகுதி அப்படியே நிற்கும். "60 நாட்களுக்கு மேல்" என்று நிபந்தனை போட்டு வைத்தால், புதிய கணக்கை ஏற்றும்போது தொகுதியும் மாறும். கடன் விடயத்துக்கு இரண்டாவதே பொருத்தம். அடுத்தது, ஒரே ஆளை ஓரிடத்தில் முஹம்மத் என்றும் மற்றோரிடத்தில் மொஹமட் என்றும் பதிந்தால் கணினிக்கு அவர் இரண்டு பேர். ஆகவே ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் கொடுங்கள். மூன்றாவது, டேப்லோ பப்ளிக் என்ற இலவசப் பதிப்பிலிருந்து இணையத்தில் வெளியிடுவதை எவரும் பார்க்கலாம். பிறருடைய கடன் விபரம் நம்மிடமுள்ள அமானிதம். செலவுக்குப் பயந்தால் எக்ஸெலிலேயே இரண்டு பட்டியல்களை ஒப்பிட்டுப் பாருங்கள். சிறிய கடைக்கு அது போதும்.

கடனை எழுதி வைக்குமாறு சூரா பகராவின் 282ஆவது வசனம் பணிக்கிறது. அதே சூராவின் 280ஆவது வசனம், கஷ்டத்திலுள்ள கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. யார் பாக்கி என்பதைக் கணினி சொல்லும். ஏன் பாக்கி என்பதை நாம்தான் போய்க் கேட்க வேண்டும். நான் அந்த 5 பேரிடமும் நேரில் போனேன். 15 பேருக்கும் கடனை மீண்டும் திறந்துவிட்டேன். இதை முதலிலேயே செய்திருந்தால் நல்ல வாடிக்கையாளர் சிலரை இழந்திருக்க மாட்டேன்.