‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று அனுப்பியவர்கள்

2018 மே 9ஆம் தேதி மீனவர் ஊரான பழவேற்காட்டில் ஒரு மனிதரை அடித்துக் கொன்று ஏரிப் பாலத்தில் தொங்கவிட்டார்கள். பிள்ளை பிடிக்க வந்தவர் என்ற சந்தேகம்தான் காரணம். மனநலம் பாதிக்கப்பட்டுச் சுற்றித் திரிந்தவர் என்று பிறகு செய்தி வந்தது. அதே நாளில், திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போன குடும்பத்தை ஊர் திரண்டு தாக்கியது. அறுபதைக் கடந்த மூதாட்டி ஒருவர் இறந்துபோனார். வழியில் கண்ட குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தது அவர் செய்த குற்றம்.

அடித்தவர்களைப் போலீஸ் பிடித்தது. பிடிக்கத்தான் வேண்டும். அதற்கு முந்தைய வாரங்களில் தங்கள் வீட்டுத் திண்ணையிலும் படகுத்துறையிலும் அலுவலகத்திலும் உட்கார்ந்தபடி, “வடநாட்டிலிருந்து ஒரு கூட்டம் வந்திறங்கியிருக்கிறது” என்ற குரல்பதிவை அடுத்த வாட்ஸ்அப் குரூப்புக்குத் தள்ளிவிட்ட பல்லாயிரம் பேரைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. அவர்கள் கை யார் மேலும் படவில்லை. ஆனாலும் அவர்கள் குற்றவாளிகள் என்பதே நம் தீர்ப்பு.

கடுமையாகத் தோன்றும். அனுப்பியவர்களில் பலர் கெட்ட எண்ணமில்லாதவர்கள், குழந்தை பெற்றவர்கள், பயந்தவர்கள். “உண்மையா பொய்யா தெரியல, எதுக்கும் இருக்கட்டும்” என்று ஒரு வரி சேர்த்தே பலரும் இப்படி அனுப்புவது வழக்கம். அந்த வரிதான் நமக்குப் பெரிய உறுத்தல். தெரியவில்லை என்று தெரிந்தே அனுப்பியதற்கு அதுவே ஒப்புதல் வாக்குமூலம். குப்பத்து குரூப் என்பது முகமறியாதவர்களின் சந்தையல்ல. ஒரே தெரு, சொந்தபந்தம், ஒரே படகில் போகிறவர்கள். எங்கோ ஒருவன் கட்டிய பொய் அங்கே வரும்போது, “நம்ம மாமா போட்டிருக்கார்” என்ற மதிப்போடு வருகிறது. பொய்யனுக்கு இல்லாத நம்பகத்தை மாமா கடன் கொடுத்துவிடுகிறார்.

அந்த ஆண்டு நாடு முழுக்கச் சுற்றிய வீடியோ ஒன்றில், பைக்கில் வந்தவர்கள் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அவர்கள் சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, அறிவிப்பு அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டியெறிந்தார்கள். வெட்டியவன் ஒருவனாக இருக்கலாம். எங்கிருந்து வந்தது, எந்த ஊர், எந்த வருஷம் என்று கேட்காமல் பரப்பியவர்கள் லட்சக்கணக்கானவர்கள்.

இதைப் ‘படிக்காத மீனவர்கள்’ தலையில் கட்டிவிட்டு நகர்ந்துவிடுவது நகரத்தாருக்கு வசதி. அந்த வசதியை நடிகர் எஸ்.வி. சேகர் வழக்கு பறித்துவிட்டது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய பதிவைப் படிக்காமலே பகிர்ந்துவிட்டேன் என்றார் அவர். பழவேற்காட்டுக் கொலைக்கு மறுநாள், மே 10 அன்று, அவருக்கு முன்ஜாமீன் மறுத்த சென்னை உயர் நீதிமன்றம், ஒரு செய்தியைப் பகிர்வது அதை ஏற்று ஆமோதிப்பதற்குச் சமம் என்றது. வழக்கை ரத்து செய்யக் கோரி உச்ச நீதிமன்றம் வரை போனார். கண்ணுக்கு மருந்து போட்டிருந்ததால் படிக்க முடியவில்லை என்ற வாதம் 2023 ஆகஸ்டில் அங்கே எடுபடவில்லை. படிக்க முடியாத கண்ணோடு பகிர மட்டும் முடிந்தது எப்படி என்று நமக்கும் விளங்கவில்லை.

ஒழுங்கு என்பது பழவேற்காட்டுக்குப் புதிதல்ல. ஏரியில் ‘பாடு’ முறை இருக்கிறது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடலாம் என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைத்துத் தீர்மானிக்கிற பழைய ஏற்பாடு அது. தலைக்கட்டு எனும் ஊர் உறுப்பினர் வரிசையில் சேர்ந்தவருக்கு உரிமையும் உண்டு, கட்டுப்பாடும் உண்டு. மீறினால் ஊர் கேட்கும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்கள் தண்ணீரிலேயே எல்லை வகுத்து வாழ்ந்திருக்கின்றன. வலைக்கு இருக்கிற கட்டுப்பாடு போனுக்கு ஏன் இல்லை?

கொலை வரை போகாத தீங்குகளும் உண்டு. போன வருஷப் புயல் எச்சரிக்கையைத் தேதி பார்க்காமல் இந்த வருஷம் ஒருவர் போட்டால், பத்துப் படகு கரையில் நிற்கும். ஒரு நாள் பிழைப்பு போகும். இரண்டு முறை அப்படி ஏமாந்தவர், மூன்றாவது முறை வானிலை மையத்தின் உண்மையான எச்சரிக்கை வரும்போது கடலுக்குப் போய்விடுவார். மீன்பிடித் தடைக்காலமான 61 நாளில், கையில் காசில்லாத நேரத்தில், ‘நிவாரணத் தொகை பெற இந்த லிங்க்கை அழுத்தவும்’ என்று வருவதைத் தான் திறந்துகூடப் பார்க்காமல் நூறு பேருக்கு அனுப்புகிறவர், நூறு பேரின் வங்கிக் கணக்கைத் திருடனிடம் காட்டிக்கொடுக்கிறார். (காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூக்களை விட்டுவிடலாம். எரிச்சலைத் தவிர அவற்றால் கேடில்லை.)

குரூப் அட்மின்களுக்குச் சட்டம் சலுகை காட்டியிருக்கிறது. உறுப்பினர் போட்டதற்கு அட்மின் பொறுப்பாளி அல்ல என்று 2022இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. சட்டப்படி சரி. ஆனால் நீக்கும் வசதியைக் கையில் வைத்துக்கொண்டு, பெரியவர் மனம் புண்படுமே என்று வாயை மூடிக்கொண்ட அட்மினை நாம் மன்னிப்பதற்கில்லை. வாட்ஸ்அப் நிறுவனமும் தன் பங்குக்கு, கொலைகள் நடந்த பிறகு 2018 ஜூலையில், ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குரூப்புக்கோ மேல் பகிர முடியாது என்று இந்தியாவில் வரம்பு வைத்தது. வேகம் குறையலாம், அனுப்புகிறவரின் மனசாட்சிக்கு அது ஈடாகாது.

பிறகு திருத்திக்கொள்ளலாம் என்பதும் ஏமாற்று. 2018 ஜூனில் திரிபுராவில், வதந்தியை நம்பாதீர்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிவர அரசு அமர்த்திய மனிதரையே பிள்ளை பிடிக்கிறவர் என்று அடித்துக் கொன்றார்கள். அதனால் விசாரிக்க வேண்டிய நேரம் அனுப்புவதற்கு முன்புதான். முழுதாகப் பார்த்தேனா, தேதி என்ன, முதலில் சொன்னவர் யார் என்று கேட்டு, பதில் இல்லாவிட்டால் தன்னோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அனுப்பும்போது இன்னதென்று தன் வார்த்தையில் எழுத வேண்டும். வெறும் லிங்க்கை வீசிவிட்டுப் போகக் கூடாது.

தவறியவர்கள் இப்போது செய்வது, சத்தமில்லாமல் ‘டெலீட்’ அழுத்திவிட்டு நழுவுவது. அது திருத்தம் ஆகாது. பார்த்தவர் பார்த்தபடியே இருக்கிறார். அவர் அனுப்பிய பத்து இடங்களில் பொய் அப்படியே ஓடுகிறது. பொய்யைப் போட்டவர் அதே குரூப்பில், தன் குரலில், “நான் போட்டது பொய், நீங்கள் அனுப்பிய இடத்திலும் சொல்லிவிடுங்கள்” என்று பதிவிட வேண்டும். மறுத்தால் அட்மின் அவரை நீக்க வேண்டும். பொய் குப்பத்தைக் கலக்கியிருந்தால், ஊர்ப் பஞ்சாயத்து அதை மைக்கிலும் சொல்ல வேண்டும், போட்டவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு.