முதல் ரிவால்வர்

ராமநாதபுரத்தில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர். இறால் பண்ணையில் நாலு காசு பார்த்தவர். "அண்ணே, பொழுதுபோக்குக்குக் குறிபார்த்துச் சுடலாமென்று ஆசை. முதன்முதலில் எந்த ரிவால்வர் வாங்கலாம்?" என்று கேட்டார். "எதையும் வாங்காதே" என்றேன். அன்றோடு என்னைக் கோழை என்று தீர்மானித்துவிட்டார். அவரிடம் சொன்னதையே இங்கே சற்று உரக்கச் சொல்கிறேன். இந்த ஆசை அவர் ஒருவருக்கு மட்டும் இல்லை.

அவர் மனசில் இருந்தது கான்பூர் அரசாங்கத் தொழிற்சாலையில் செய்யும் பாயிண்ட் 32. நல்ல சாமான்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அது தற்காப்புக்கென்று செய்தது. குழல் குட்டை, குறிபார்க்கும் முனையைத் திருகித் திருத்த வழியில்லை. கை மயிரிழை அசைந்தாலும் 25 மீட்டரில் தோட்டா அட்டையை விட்டே ஓடிவிடும். போதாக்குறைக்கு வெடிச்சத்தம். புதிதாகச் சுடுகிறவன் அதற்குப் பயந்து முன்கூட்டியே கண்ணை மூடிக் கையைத் தாழ்த்துவான். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது.

கையும் மூச்சும் விரலும் ஒன்றாக நிற்கப் பழக வேண்டுமா? 4.5 மில்லிமீட்டர் ஏர் பிஸ்டல் போதும். 20 ஜூலுக்கு மேற்படாத சக்தி உள்ளதற்கு, 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகளின்படி லைசென்ஸ்கூட வேண்டாம். மனு பாக்கர் 2024-ல் பாரிஸிலிருந்து இரண்டு வெண்கலப் பதக்கம் கொண்டுவந்தது இந்தக் காற்றை வைத்துத்தான். அடுத்த படி, ரைபிள் கிளப்பில் சேர்ந்து பாயிண்ட் 22. அப்புறமும் ரிவால்வர்தான் வேண்டுமென்றால், நீண்ட குழலும் திருத்தக்கூடிய பின்முனையும் உள்ளதாகப் பார்க்கட்டும். சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னிழுத்து வைத்துச் சுடப் பழகட்டும். விசை இலேசாகும், கை நடுங்காது.

இதையெல்லாம் கேட்க அவருக்குப் பொறுமை இல்லை. "நம்ம சீமை ஆயுதத்தை 1801-லே வெள்ளைக்காரன் பிடுங்கினான், அண்ணே!" என்றார். வாஸ்தவம். மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கையோடு, ஆயுதங்களைத் தடை செய்து பிரகடனம் போட்டார்கள். ஆனால் அன்று போன ஆயுதங்களில் வளரியும் ஒன்று. அதைக் கடையில் காசு கொடுத்து வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு எவனும் வீரனாகிவிடவில்லை. வருஷக்கணக்காக வீசிப் பழகினான். இவருக்கு வேண்டியது குறியா, கல்யாண வீட்டில் சட்டைக்குள் புடைத்துத் தெரிகிற கௌரவமா? அந்தக் கௌரவமும் தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷன் அலமாரிக்குப் போய்விடும். மற்ற நாளில் உப்புக்காற்று அரிக்காமல் தினம் எண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும்.

"சரி, எங்கே சுடப் போகிறாய்?" என்றேன்.

"நம்ம பனந்தோப்பிலேதான்."

தோட்டா வேலியைப் பார்த்து நிற்காது, தம்பி. பல நூறு கெஜம் போகும். மேலே ஒருவன் பாளை சீவிக்கொண்டிருப்பான், கீழே அவன் பெண்டாட்டி பதநீர் இறக்கி வைத்துக்கொண்டிருப்பாள். அவர்கள் வருகிற நேரம், போகிற நேரம் உனக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"ஏண்ணே, நல்ல தோல் உறை மதுரையிலே எங்கே கிடைக்கும்?"