இரவல் நிரலுக்கும் நாமே பொறுப்பு

கணினித்துறை மாணவர்கள் இன்று எல்லா நிரலையும் தாங்களே எழுதுவதில்லை. படத்தைத் திறக்க ஒன்று, கோப்பைச் சுருக்க ஒன்று எனப் பிறர் இலவசமாக வழங்கிய திறந்த மூல நிரல்களைத் தங்கள் திட்டப்பணியில் சேர்த்துக்கொள்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால், எடுத்த நிரலை அதன்பின் யார் பராமரிப்பது என்று நாம் கேட்பதே இல்லை. அதுதான் என் கவலை.

2023 செப்டம்பரில் நடந்ததைப் பாருங்கள். வெப்பி வகைப் படங்களைத் திறக்கும் 'லிப்வெப்பி' என்ற நிரல்தொகுப்பில் கடுமையான பாதுகாப்புக் குறை கண்டுபிடிக்கப்பட்டது. தீய நோக்கத்துடன் தயாரித்த ஒரு படத்தைக் கொண்டே கணினிக்குள் ஊடுருவ முடியும் என்ற நிலை. கூகல் தன் குரோம் உலாவியை விரைந்து சரிசெய்தது. ஆனால், அதே தொகுப்பின் நகல் ஃபயர்ஃபாக்ஸிலும் இன்னும் பல செயலிகளிலும் இருந்தது. மூலத்தைத் திருத்தியதால் நகல்கள் தாமாகத் திருந்திவிடவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியே புதுப்பிக்க வேண்டியிருந்தது.

எடுத்த நிரலில் நாமே கைவைத்தால் பொறுப்பு இன்னும் கூடுகிறது. 2006இல் டெபியன் குழுவில் 'ஓபன்எஸ்எஸ்எல்' என்ற மறையாக்க நிரலின் சில வரிகளை நீக்கினார்கள். அந்த மாற்றம் டெபியனிலும் உபுண்டு போன்ற அதன் வழித்தோன்றல்களிலும் மட்டுமே இருந்தது. அதனால் உருவான ரகசியச் சாவிகளை எளிதில் ஊகித்துவிடலாம் என்பது 2008 மே மாதத்தில்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

அப்படியானால் நகலே வேண்டாமா? அப்படிச் சொல்லமாட்டேன். 2016இல் 'லெஃப்ட்-பேட்' என்ற பதினொரு வரி நிரலை எழுதியவர் அதைப் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கியபோது, அதை நம்பியிருந்த ஏராளமான திட்டங்கள் தடைபட்டன. கைவசம் ஒரு நகல் இருப்பது சில வேளைகளில் காப்பாற்றும். ஆனால், கணக்கு வைக்காத நகல்தான் ஆபத்து.

ஆகவே, பலதுறைத் தொழிற்கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் என் பரிந்துரை இதுதான்: இறுதியாண்டுத் திட்டப்பணி ஒவ்வொன்றோடும் ஒரு பக்கப் பட்டியலைக் கேளுங்கள். எந்த நிரல், எங்கிருந்து எடுத்தது, எந்தப் பதிப்பு, எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்பது அதில் இருக்கட்டும். அதற்கும் மதிப்பெண் கொடுங்கள்.

மாணவர்களே, நீங்கள் செய்த திருத்தம் பயனுள்ளது என்றால் அதை மூல ஆசிரியர்களுக்கே அனுப்பிவையுங்கள். அவர்கள் ஏற்றுக்கொண்டால் தனிப் பதிப்பைச் சுமக்கும் வேலை உங்களுக்குக் குறையும்; ஏற்க மறுத்தால், அதற்கான காரணமே உங்களுக்கு ஒரு பாடமாகும்.